பூனைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கா? முதலில் பால் கிண்ணத்தை எடுங்கள்!

வைக்கோல் படப்பிலோ மாடிப்படிக்கு அடியிலோ தாய்ப்பூனை குட்டி போட்டுவிட்டால் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஒரு மாதம் ஆனதும் குட்டிகள் வாலைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் வந்துவிடும். யாராவது ஒருவர் தேங்காய்ச் சிரட்டையில் பாலை ஊற்றி வைப்பார். அது நக்கி நக்கிக் குடிக்கிற அழகைப் பார்க்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் நாள் பார்த்தால் குட்டி மூலையில் சுருண்டு கிடக்கும். பின்புறமெல்லாம் நனைந்து நாற்றமடிக்கும். "எக்கா, பூனக்குட்டிக்கு வயித்தால போவுது, என்ன செய்ய?" என்று கேட்டு ஆள் வரும். "பூனை தானே, அதுவாச் சரியாப் போவும்" என்று இன்னொருவர் சொல்வார்.

அதுவாகச் சரியாவதும் உண்டு. காலையில் எழுந்து பார்க்கும்போது விறைத்துக் கிடப்பதும் உண்டு. ஒரு மாதக் குட்டியின் எடை அரைக் கிலோகூட இருக்காது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து நாலைந்து தடவை தண்ணீராகப் போனால் தாங்காது. பெரிய பூனைக்கு இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம். குட்டிக்கு ஒரு ராத்திரியே அதிகம்.

திருநெல்வேலிச் சீமையில் பூனைக்கு வைத்தியம் பார்க்க வசதி இல்லாமல் இல்லை. சங்கரன்கோவில் சாலையில் இராமையன்பட்டியில் 2012-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் சாத்தான்குளம் மாதிரி ஊரில் இருக்கிற நமக்கு, பஸ் மாறி அங்கே போய்ச் சேர அரைப் பொழுது ஆகிவிடும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போவதென்றாலும் விடிய வேண்டும். அதுவரை குட்டியின் உயிரைப் பிடித்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது.

பால் ஏன் ஆகாது?

பூனை என்றாலே பால் என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் குட்டியின் கழிச்சலுக்குப் பல வீடுகளில் முதல் காரணம் இந்தப் பசும்பால்தான். தாய்ப்பூனையின் பாலில் இருக்கிற புரதம் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் புரதம் குறைவு, அதை ஒப்பிட்டால் பால் சர்க்கரை அதிகம். அந்தச் சர்க்கரையைச் செரிக்கிற சக்தியும் குட்டி தாய்ப்பால் மறக்க மறக்கக் குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும். அதுவே பேதியாகிறது. தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அப்போது இருக்கிற சத்தும் குறையுமே தவிர வேறு பலன் இல்லை.

பால் தவிர வேறு காரணங்களும் உண்டு. திடீரென்று சாப்பாட்டை மாற்றுவது, ஆசை மிகுதியில் அதிகமாகக் கொடுத்துவிடுவது, மிளகாயும் வெங்காயமும் போட்ட மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது, குப்பையில் கிடந்த கெட்டுப்போன தலை, குடலைத் தின்பது, வயிற்றுப் பூச்சி, கிருமிகள் எல்லாமே கழிச்சலைக் கொண்டுவரும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களையே உடைத்துவிடும். ஆகவே குழம்புச் சோறு எப்போதுமே வேண்டாம்.

முதலில் சூடு

குட்டியைக் கையில் எடுத்ததும் காதையும் பாதத்தையும் வாய்க்குள்ளேயும் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் வராது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, பழைய துண்டைச் சுற்றி அட்டைப் பெட்டியில் ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் பையப் பையச் சூடு ஏறும். நனைந்த பின்புறத்தை வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள். குளிப்பாட்டவே கூடாது.

அடுத்தது தண்ணீர்

கழிச்சல் கண்ட உயிர் பெரும்பாலும் சாவது உடம்பில் நீரும் உப்பும் வற்றுவதால்தான். மனிதப் பிள்ளைக்கும் இதே கதைதான். 1971-இல் வங்காள தேசப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோய்விட்டது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. கொஞ்சம் சர்க்கரை சேர்ந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதே இதில் உள்ள சூட்சுமம். அவர் 2022-இல் காலமானார். மறு வருடம் நம் அரசாங்கம் பத்ம விபூஷண் கொடுத்தது. நம் குழந்தைகளுக்கு இன்று கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதே வழிதான்.

அந்தப் பாக்கெட்டே அவசரத்துக்குப் பூனைக்குட்டிக்கும் உதவும். குட்டி சின்னதென்று பாக்கெட்டில் பாதியைக் கொட்டிக் கரைக்காதீர்கள். உறையில் போட்ட அளவுப்படி, ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறிய தண்ணீர் முழு ஒரு லிட்டரில் கரைத்து, அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள். இருபத்துநாலு மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பழ வாசனை போட்டு அட்டை டப்பாவில் வந்த இனிப்புப் பானங்களுக்கும் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வைத்து விற்றார்கள். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத எதற்கும் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. மருந்துக் கடையில் பவுடர் பாக்கெட்டாகக் கேட்டு, உறையைப் படித்து வாங்குங்கள். இது பிள்ளைகளுக்கு வாங்கும்போதும்தான்.

கொடுக்கிற முறை முக்கியம். நம் பிள்ளையைப் போல மடியில் மல்லாக்கப் போடக் கூடாது. தாயிடம் பால் குடிப்பதுபோல் குப்புற இருக்கட்டும், தலை மட்டும் லேசாக உயரட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சையோ சொட்டு மருந்து பில்லரையோ கடைவாயில் வைத்து இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். விழுங்கியதும் அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லி போதும். கால் மணி, அரை மணிக்கொரு தடவை கொடுக்கலாம். அரைக் கிலோ குட்டிக்கு நாள் முழுவதும் சேர்த்துச் சுமார் 50 மில்லி, அதாவது பத்து டீஸ்பூன் வேண்டியிருக்கும். கழிச்சலில் போவது இதற்கு மேல். கொடுக்கக் கொடுக்க வாந்தி எடுத்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான்.

நீர் வற்றுகிறதா என்று ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருந்தால் நல்லது. விரலில் பிசின் மாதிரி ஒட்டினால் வற்றிக்கொண்டிருக்கிறது. பிடரித் தோலைத் தூக்கி விட்டதும் உடனே படியாமல் கூடாரம் மாதிரி நின்றால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பட்டினி போடாதீர்கள்

"லங்கணம் பரம ஔஷதம்" என்பது குட்டிக்குப் பொருந்தாது. நாலைந்து மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். உடம்பில் சூடு வந்து, நீரும் கொஞ்சம் உள்ளே போன பிறகு, உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைப் பஞ்சாக உதிர்த்து, வெந்த தண்ணீரிலேயே மசித்துக் கொடுங்கள். ஒரு தடவைக்கு அரை டீஸ்பூனில் தொடங்கி, நாளைக்கு ஐந்தாறு தடவை. இது பல் முளைத்த, ஒரு மாதம் தாண்டிய குட்டிக்குத்தான். தாய் இருந்தால் தாய்ப்பாலைத் தடுக்க வேண்டாம்.

தாயில்லாமல் மூன்று வாரத்துக்கும் குறைந்த குட்டி கிடைத்தால் பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால் பவுடர் தேவை. அதையும் உறையில் சொன்ன அளவைவிடக் கெட்டியாகக் கரைத்தால் கழிச்சல் வரும். இத்தனை சின்னக் குட்டிக்குத் தானாகச் சிறுநீர், மலம் போகத் தெரியாது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

நம் பக்கம் கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிற பழக்கத்தில், பூனைக்கும் வசம்பை உரைக்கிறோம், ஓமத் தண்ணீர் ஊற்றுகிறோம். வேண்டாம். நம் ஈரல் முறித்து வெளியேற்றுகிற பல சரக்குகளைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. உடம்பிலேயே தங்கி விஷமாகும்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது பாரசிட்டமால். பூனையின் இயல்பான உடல் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம் கைக்குக் கொஞ்சம் சுடத்தான் செய்யும். காய்ச்சல் என்று நினைத்துப் பாதி மாத்திரை கொடுத்தால் அதுவே உயிரை எடுத்துவிடும். கழிச்சலை நிறுத்த நாம் சாப்பிடுகிற மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள்.

எப்போது பொறுக்கக் கூடாது?

* குட்டிக்கு இரண்டு மாதம் ஆகவில்லையென்றால், கழிச்சல் கண்ட அன்றே காட்டிவிடுவது நல்லது.
* மலத்தில் ரத்தம் இருந்தாலும், தார் மாதிரி கறுப்பாகப் போனாலும்.
* கழிச்சலோடு வாந்தியும் சேர்ந்தால்.
* ஈறு வெளுத்திருந்தால், அல்லது எழுந்து நிற்காமல் துவண்டு கிடந்தால். வழியிலேயே குளுக்கோஸ் தண்ணீரை ஈறில் தடவிக்கொண்டு போங்கள்.
* உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால். இது பூச்சி.

நாக்குப்பூச்சியைக் குட்டிகள் தாய்ப்பாலிலிருந்தே வாங்கிக்கொண்டு வரும். இரண்டு மூன்று வார வயதிலிருந்து, இரண்டு வாரத்துக்கொரு முறை, எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அளவை டாக்டர் சொல்லட்டும். போகும்போது ஒரு சின்ன டப்பாவில் மலத்தையும், எத்தனை தடவை போனது, என்ன சாப்பிட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொண்டுபோனால் வைத்தியம் சுலபமாகும்.

பேதி, வாந்தி, சோர்வு எல்லாம் சேர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் அது 'பான்லூக்கோபீனியா' என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். குட்டிகளை வரிசையாக அள்ளிக்கொண்டு போகிற நோய். மற்றக் குட்டிகளை உடனே பிரித்து வையுங்கள். அந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம்வரை சாகாமல் இருக்கும். பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். காலில் பட்டதைப் பூனை நக்கினால் பினாயிலே அதற்கு விஷம். இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கொரு முறை, நாலு மாதம் ஆகும்வரை போட வேண்டும்.

வீட்டில் பிள்ளையும் பிள்ளைத்தாச்சியும் இருந்தால்

பூனை மலத்தில் 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற கிருமி இருக்கலாம். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு அது புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. மண் தட்டைச் சுத்தம் செய்கிற வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது, வேறொருவர் தினமும் செய்துவிட வேண்டும். மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆனபிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வருகிறது. அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் பயம் பெரும்பாலும் தீர்ந்தது.

மண்ணுக்கு நம் ஊரில் பஞ்சமா? பழைய தட்டில் காய்ந்த மணலைப் போட்டு, பிள்ளைகள் விளையாடாத மூலையில் வையுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு மணலிலிருந்து வெறுங்காலில் ஏறி, தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்கும். தவழுகிற பிள்ளையை அந்தப் பக்கம் விடாதீர்கள். குட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனைக்கடிதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

குணமான பிறகு

மலம் கெட்டியான உடனே பழைய சாப்பாட்டுக்குத் தாவ வேண்டாம். நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மீன் கொடுப்பதானால் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். சில வகைப் பச்சை மீன்கள் தொடர்ந்து உள்ளே போனால் பி-1 வைட்டமினை அழித்துவிடும். கருவாடு உப்பு, அதுவும் ஆகாது. சைவ வீட்டில் தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் 'டாரின்' என்ற சத்து கிடைக்காமல் நாளடைவில் பூனைக்குக் கண்ணும் இருதயமும் கெடும். அந்தச் சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. சமைக்க மனமில்லாதவர்கள் கடையில் விற்கிற பூனைக்குட்டி உணவை வாங்கிப் போடலாம்.

எப்போதும் கைவசம் இருக்க வேண்டியவை: ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று, பழைய துண்டு, மூடி இறுகலான பாட்டில், பக்கத்துக் கால்நடை டாக்டரின் போன் நம்பர். எல்லாம் சேர்த்து ஐம்பது, நூறு ரூபாய்க்குள் அடங்கும். கிண்ணத்தில் பாலுக்குப் பதிலாகச் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.