இருட்டில் நிற்பவர் யார்? - 14
மாறுகால் மாறுகை

1968-இல் வந்த நடைபிணப் படத்தில் விடியும்வரை பிணங்களோடு போராடித் தப்பிய பென், காலையில் காப்பாற்ற வந்தவர்களின் துப்பாக்கிக்கே பலியானதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அது நினைவிருந்தால் போதும்.

இந்த வாரம் ‘முனி’ படம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ‘கேண்டிமேன்’ (1992) படத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி அதிலேயே போய்விட்டது. நாளைக் காலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். மனசு இன்னும் சிகாகோவை விட்டு வரவில்லை.

காப்ரினி கிரீன், சிகாகோவின் அரசுக் குடியிருப்பு. ஏழைக் கறுப்பர்கள் வாழ்ந்த அடுக்குமாடிகள். கண்ணாடி முன்னால் நின்று ஐந்து தடவை பேரைச் சொன்னால், ஒரு கையில் கொக்கியோடு கேண்டிமேன் பின்னால் வந்து நிற்பான். உயிரோடு இருந்தபோது அவன் ஓவியன், அடிமையாக இருந்தவரின் மகன். வெள்ளைக்கார நிலக்கிழார் ஒருவர் தன் மகளைப் படம் வரைய அழைக்கிறார். வரைய வந்தவனுக்கும் அவளுக்கும் காதல். கும்பல் திரண்டு அவன் கையை அறுத்து, உடம்பெல்லாம் தேனைப் பூசித் தேனீக்களிடம் விட்டுவிடுகிறது.

கையை அறுத்தார்கள் என்ற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். திருவரங்குளத்தில் வளர்ந்தவனுக்கு இது கேட்ட கதை. செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்த மதுரைவீரன், பாளையக்காரர் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன். கடைசியில் மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். ஆரியமாலாவை விரும்பிய காத்தவராயனுக்குக் கழுமரம்.

கிளைவ் பார்க்கர் எழுதிய மூலக்கதையில் இந்த ஓவியனே கிடையாது. அது இங்கிலாந்தின் லிவர்பூலில் நடக்கிற கதை. அதில் வருகிற உருவம் கறுப்பனும் அல்ல. இயக்குநர் பெர்னார்ட் ரோஸ் கதையைச் சிகாகோவுக்குக் கொண்டுபோன பிறகுதான் அந்த உருவம் கறுப்பனானது. அவனுக்குக் காதலையும் கொலையையும் சேர்த்து ஒரு முன்கதை பிறந்ததில், கேண்டிமேனாக நடித்த டோனி டாடுக்கும் பங்குண்டு. பேயாக நடிக்க வந்தவர், இவன் ஏன் செத்தான் என்று கேட்டிருக்கிறார்! நிஜத் தேனீக்களை வாயில் வைத்துக்கொண்டு நடித்தவர் அவர். ஒரு கொட்டுக்கு 1000 டாலர் என்று ஒப்பந்தம். 23 கொட்டு வாங்கினார். 2024 நவம்பரில் இறந்துபோனார். செய்தி வந்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும்.

மதுரைவீரனை ரோஸும் டாடும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. எங்கெல்லாம் இன்னாரை இன்னார் தொடக்கூடாது என்று இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரே மாதிரிதான் வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நம் ஜனங்கள் வெட்டுப்பட்டவனுக்குப் பீடம் போட்டார்கள். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே வீரன் நிற்கிறான். கேண்டிமேனுக்குச் சுவர்க் கிறுக்கலும் பயமும்தான் மிச்சம். இதைச் சொல்லும்போதே எனக்கு உறுத்துகிறது. நாம் வீரனை அப்படியே ஏற்றுக்கொண்டோமா? காசி ராஜாவுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்று ஒரு பிறப்புக் கதையை ஒட்டிவைத்தோம். 1956-இல் படம் வந்தபோது வீரன் எம்.ஜி.ஆர். வளர்த்த தாய் தகப்பனாக டி.ஏ.மதுரமும் என்.எஸ்.கிருஷ்ணனும். வாளேந்தும் கைக்கு ராஜ ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

முனிக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். பக்கத்துப் பொற்பனைக்கோட்டை முனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு என் அப்பத்தா இருட்டில் தனியாகவே நடந்து வரும். பயமா இல்லையா என்று கேட்டால், “முனிதான் கூட வர்றாருல்ல, எனக்கென்னய்யா பயம்?” என்று சொல்லும். 2007-இல் அதே பெயரில் படம் வந்தபோது தியேட்டரில் ஜனங்கள் அலறினார்கள். அதில் ராஜ்கிரண் செய்த முனியாண்டி, அரசியல்வாதி ஒருவரை நம்பிக் கெட்டு அவராலேயே கொல்லப்பட்டவர். அவரும் ‘காஞ்சனா’வும் அடுத்த வாரம்.

(தொடரும்)