நீர் உறையும் கணக்கு

தமிழாசிரியன் விஞ்ஞானம் எழுதப் புகுவதைக் கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவர்தம் குறிப்புக்களைத் தமிழாக்க முனைந்தபோது இக்கணக்கு என்னைப் பற்றிக்கொண்டது.

ஒரு கிராம் நீர் ஒரு பாகை குளிர்தற்கு ஒரு கலோரி வெப்பம் நீங்கினாற் போதும். ஆயின் பூச்சியப் பாகையில் நிற்கும் அந்நீர் பனிக்கட்டியாதற்கு ஏறக்குறைய 80 கலோரி நீங்குதல் வேண்டும். அதுவரை வெப்பமானி சிறிதும் அசையாது. இதனை மறைவெப்பம் என்பர்.

துருவக் கடலிற் பனிக்கட்டி எவ்வாறு தடிக்கும் என்பதனை வியன்னாப் பேராசிரியர் யோசேப்பு ஸ்தெபான் ஆராய்ந்து, துருவப் பயணிகளின் அளவீடுகளோடு ஒப்புநோக்கி, 1891இல் வெளியிட்டார். முன்னர் உண்டாகிய பனிக்கட்டியே கீழுள்ள நீருக்குப் போர்வையாகின்றது; போர்வை தடிக்கத் தடிக்க வெப்பம் மேலேறுதல் தாமதிக்கும். மேற்பரப்பு பூச்சியத்தின் கீழ் 10 பாகையில் நிலைத்து நிற்பின், நன்னீரில் முதல் நாளில் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் தடிக்கும். அதன் இருமடங்காதற்கு இரண்டு நாளன்று, நான்கு நாள் வேண்டும். மும்மடங்காதற்கு ஒன்பது நாள்.

இவ்வெளிய விடை எளிய நிலைமைக்கே உரியது. இரவும் பகலும் குளிர் மாறினும், உருக்கிய இரும்பு கோணலான அச்சில் உறையினும் சூத்திரம் கைகொடாது. ஆண்டு எண்முறை வேண்டும். பொருளை மெல்லிய படைகளாகப் பகுத்து, அயற்படைகள் சிறு சிறு நேரத்திற் கொள்ளும் வெப்பத்தையும் கொடுக்கும் வெப்பத்தையும் கணினி கூட்டியும் கழித்தும் செல்லும்.

வழுக்குமிடம் இதுவே. ஒரு பாகையிலுள்ள ஒரு கிராம் நீர் 10 கலோரி இழந்தது என்க. வெப்பநிலையை மட்டும் கணிப்பவன் பூச்சியத்தின் கீழ் 9 பாகை என எழுதிவிடுவான். மறைவெப்பம் முழுதும் கணக்கிலிருந்து களவு போயிற்று! ஏட்டில் தடித்த அப்பனிக்கட்டி ஏரியில் இராது. நம்பி அதன்மேல் நடப்போன் கதி யாதாம்?

ஆதலின் வெப்பநிலையை விடுத்து, வெப்பவுள்ளுறை எனப்படும் வெப்ப இருப்பையே முதற்கணக்காக வைப்பர். அந்நீரில் ஒரு கலோரி குளிர்தற்குச் செலவாக, எஞ்சிய ஒன்பதும் எண்பதில் ஒன்பது பங்கை உறைவிக்கும், வெப்பநிலை பூச்சியமே. நீருக்கும் பனிக்கட்டிக்கும் இடையெல்லையைத் தேடித் திரிதலும் வேண்டா. ஓரளவு உறைந்து நிற்கும் படையே எல்லை. தொல்காப்பியர் உவமத்துக்கு வைத்த 'உள்ளுறை' என்னும் சொல், வெளித்தோன்றாது உள்ளே தங்கும் வெப்பத்துக்கும் இத்துணைப் பொருந்துதல் கண்டு யான் மகிழ்ந்தேன்.

இதனைச் செய்துபார்க்க விரும்பும் மாணவர் பத்துப் படை வைத்துப் பென்சிலாலேயே தொடங்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: படையின் தடிப்பைப் பாதியாக்கின், நேரப் படியை நாலிலொன்றாகக் குறைத்தல் வேண்டும், அன்றேல் எண்கள் தறிகெட்டு ஓடும்.