ஓர் எழுத்து, இரண்டு கிலோ சதை

பன்றியின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள். அதில் ஒன்றே ஒன்று மாறினால் தராசில் தெரியுமா? தெரியும். ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவின் மூன்றாம் இன்ட்ரானில் (புரதத்துக்கான செய்தி இல்லாத துண்டு), 3,072-ஆவது இடத்தில் ‘ஜி’ போய் ‘ஏ’ வந்தால் இறைச்சி 3 முதல் 4 சதவீதம் கூடுகிறது. ஒரு பன்றியில் 50 கிலோ சதை என்று வைத்துக்கொள்வோம்; ஒன்றரையிலிருந்து 2 கிலோ லாபம். 1,000 பன்றி வெட்டினால் 2 டன் வரை.

ஸ்வீடனின் உப்சாலா, பெல்ஜியத்தின் லியேஜ் இரண்டு ஊர் ஆய்வாளர்களும் சேர்ந்து 2003-இல் இந்த எழுத்தைப் பிடித்தார்கள். புரதம் மாறவில்லை, அளவுதான் மாறுகிறது. பழைய எழுத்து இருந்தால் இசட்.பெட்.6 என்ற காவல்காரப் புரதம் அங்கே உட்கார்ந்து மரபணுவை அடக்கி வைக்கும். இந்த விவரம் 2009-இல் தெரிந்தது. எழுத்து மாறினால் அதற்கு உட்கார இடமில்லை. பிறந்த பிறகு தசையில் மரபணுவின் வேலை 3 மடங்காகிறது.

இந்தக் கணக்கில் அப்பா வீட்டுச் சொத்து மட்டுமே செல்லும். தாய் தந்த பிரதி வாயே திறக்காது. ஆண் பன்றியிடம் இரண்டு பிரதியும் ‘ஏ’ என்றால் பிறக்கும் 12 குட்டியிலும் பலன். அம்மா எதுவாக இருந்தாலும் சரி. திருப்பிப் போட்டால், அம்மாவிடம் இரண்டும் ‘ஏ’, அப்பாவிடம் இரண்டும் ‘ஜி’ என்றால், 12-க்குப் பூஜ்யம். வளர்ப்பவருக்கு இது பெரிய வசதி. பால் கொடுக்கும் தாய்ப்பன்றிக்கு முதுகில் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அது பழைய எழுத்தோடே இருக்கட்டும், சதையை அப்பா கொண்டுவரட்டும்.

தீவனச் செலவும் குறைகிறது. கொழுப்பில் கிராமுக்கு 9 கிலோகலோரி முடங்கிக் கிடக்கிறது. சதையில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேர்க்கும் தீவனத்தில் அதைவிட நிறையவே சதை சேர்க்கலாம்.

எல்லா எழுத்தும் இப்படி நல்ல பிள்ளையாக இருப்பதில்லை. பெல்ஜியத்தின் பியேட்ரைன் இனப் பன்றியின் தொடையைப் பார்த்தால் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த இனத்தில் பரவலாக இருந்த ஆர்.ஒய்.ஆர்.1 மரபணு மாற்றத்தில், 1,843-ஆவது இடத்தில் ‘சி’ போய் ‘டி’. தசைக்குள் கால்சியத்தைத் திறந்து மூடும் கதவு பழுது. வண்டியில் ஏற்றும்போது பன்றி மிரண்டால் உடல் கொதித்து அங்கேயே செத்துவிழும். தப்பி வெட்டுக்கு வந்தாலும், உடல் சூடு தணியுமுன் 45 நிமிடத்துக்குள் அமிலத்தன்மை ஏறி பி.ஹெச். 6-க்குக் கீழே போய்விடும். கறி வெளிறித் தொளதொளத்து நீர் விடும். எடை லாபம் பண்ணைக்காரருக்கு, தட்டில் தேங்கும் நீர் கசாப்புக் கடைக்காரருக்கு. என் கண்ணுக்கு இது லாபமே இல்லை, கடனைக் கைமாற்றுவது.

1970-களில் இந்தப் பழுதைக் கண்டறிய ஒரு சோதனை வந்தது. சில வார வயதுக் குட்டியின் மூக்கில் முகமூடி வைத்து ஹாலோத்தேன் மயக்கவாயு கொடுப்பார்கள். சாதாரணக் குட்டி துவண்டு தூங்கும். பழுதுள்ளதற்கோ சில நிமிடத்தில் பின்னங்கால்கள் கட்டையாக விறைக்கும். இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் விறைப்பு. ஒரு பிரதி மட்டும் சுமப்பது நிம்மதியாகத் தூங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மந்தையில் பாதிப் பிரதிகள் கெட்டவை என்று தொடங்கி, விறைத்ததையெல்லாம் கழித்துக்கொண்டே 10 தலைமுறை போனால், 144 குட்டியில் 1 விறைக்கும், 22 சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கும். 1991-இல் எழுத்தே தெரிந்தபின் துளி ரத்தம் போதும், அந்த 22-ஐயும் எண்ணிவிடலாம்.

ஹாம்ப்ஷயர் இனத்தில் இன்னொன்று, பி.ஆர்.கே.ஏ.ஜி.3. இது 2000-இல் தெரிந்தது. தசையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை சுமார் 70 சதவீதம் கூடுதல். வெட்டியபின் அது அமிலமாகி, வேகவைத்த ஹாமில் எடை இறங்கும். இங்கும் செலவு எழுதுபவர் வேறு ஆள்.

இயற்கை எழுத்துக்குக் காத்திராமல் கத்தரித்தும் பார்த்தார்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளமான மயோஸ்டாட்டின் மரபணுவைத் தென்கொரிய, சீன ஆய்வாளர்கள் முடக்கிய செய்தி 2015-இல் வந்தது. பிறந்தவை 32. 8 மாதம் தாண்டியவை 13. செய்தி வெளியானபோது உயிரோடு இருந்தவை 2. அவற்றில் ஆரோக்கியமானதாகக் கருதப்பட்டது 1.