கோல் வரைக்கும் போன பந்து உள்ளே ஏன் போகலை?

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

கால்பந்து பார்க்கிற எல்லோரும் ஒரு தடவையாவது சொன்ன வசனம் ஒன்று உண்டு. "இவ்வளவு தூரம் கொண்டு வந்துட்டான், இதை உள்ளே தள்ளத் தெரியலையே!" நேரு ஸ்டேடியம் கேலரியிலும் இதே வசனம்தான். பெசன்ட் நகர் பீச்சில் செருப்பைக் கோலாக வைத்து ஆடும் பையன்களைப் பார்த்தபடி சுண்டல் தின்கிறவர் வாயிலும் இதே வசனம்தான். அந்த வசனத்தில் பாதிகூட உண்மை இல்லை என்பது என் கட்சி.

நம்ம டீமையே எடுத்துக்கோங்க. இந்த வருஷம் இன்டர்-பாலிடெக்னிக் போட்டியில் மூணு ஆட்டம். இரண்டு 0-0, ஒன்று 0-1. மூணிலும் பந்து அதிக நேரம் நம்ம காலில்தான் இருந்தது. ஆனால் திட்டு முழுக்க ஒரே ஆளுக்கு, நம்ம ஒன்பதாம் நம்பருக்கு. மெஸ்ஸில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. அதற்கப்புறம் அவன் பிராக்டிஸுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவன் என் நண்பன் என்பதற்காக இதை எழுதவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்கு அவன் பக்கம் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சர்வதேச அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெருக்கினால் 7140 சதுர மீட்டர். கோல் கீப்பர்கள் போக 20 பேர். ஆளுக்கு 357 சதுர மீட்டர். ஒவ்வொருத்தனும் கிட்டத்தட்ட 19 மீட்டர் சதுரத்துக்கு ராஜா. இப்போது பெனால்டி பாக்ஸுக்குள் வாங்க. 40.32 மீட்டர் அகலம், 16.5 மீட்டர் ஆழம், மொத்தம் சுமார் 665 சதுர மீட்டர். நாம் தாக்குதலில் இருக்கும்போது எதிராளி ஏழு பேர், அவர்கள் கோலி ஒருத்தர், நம்ம ஆள் ஐந்து பேர் என்று வைத்தால் 13 பேர். ஆளுக்கு 51 சதுர மீட்டர்தான். ஏழு மீட்டர் சதுரம்.

உஸ்மான் ரோட்டில் வீசிக்கொண்டு நடந்து வருகிறவன் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அதே கால்தான், அதே ஆள்தான். நடை மட்டும் மாறிப் போகும். "உனக்கு நடக்கத் தெரியலை" என்று அவனை யாராவது திட்டுவார்களா?

இடம் சுருங்கினால் நேரமும் சுருங்கும். நடு மைதானத்தில் பந்தை வாங்கினால் பக்கத்து எதிராளி ஒன்பது, பத்து மீட்டர் தள்ளி இருப்பான். அவன் வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் பந்தை நிறுத்தலாம், தலையைத் தூக்கிப் பார்க்கலாம், பாஸ் கொடுக்கலாம். பாக்ஸுக்குள் அவன் மூன்றரை மீட்டரில் நிற்கிறான். நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அரை நொடியில் காலடியில் இருப்பான். நிறுத்து, பார், அடி என்ற மூன்று வேலைக்கு அரை நொடி போதாது. ஒரு வேலைக்குத்தான் போதும். அடிக்க மட்டும்தான் நேரம் என்றால், பார்க்கிற வேலையைப் பந்து வருவதற்கு முன்னாடியே முடித்திருக்க வேண்டும். இதை நன்றாக மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இன்னொரு சங்கதி, பின்னால் இடமே இல்லை. எதிராளியின் டிஃபென்ஸ் நடு மைதானம் வரை ஏறி நின்றால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் 40 மீட்டர் காலி. பந்தை அங்கே தூக்கிப் போட்டு ஓடலாம். அவர்கள் பாக்ஸுக்குள் இறங்கி நின்றுவிட்டால் முதுகுக்குப் பின்னால் கோல் லைன்தான். கோடு எதிராளிக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு டிஃபெண்டர். அமெரிக்காக்காரன் கையில் பிடித்து ஆடுகிற அவனுடைய ஃபுட்பாலிலும் இதே தொல்லைதான். கடைசி 20 கஜத்துக்கு 'ரெட் ஸோன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே வந்ததும் நீளமாக எறிகிற ஆட்டம் எல்லாம் செல்லாது, ஏனென்றால் எறிய நீளமே இல்லை.

அடுத்தது கோணம். எங்கள் வீட்டில் ட்ரிக்னாமெட்ரி படித்த முதல் ஆள் நான்தான். "டேன் தீட்டா டேன் தீட்டான்னு ராத்திரி முழுக்க முணுமுணுக்கிறியே, அது எதுக்குடா ஆகும்?" என்று அப்பா கேட்டார். அப்போது சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. இதையாவது அவரிடம் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டரில், நேர் எதிரே இருக்கிறது. பாதி அகலம் 3.66. அதை 11-ஆல் வகுத்து, டேன் இன்வர்ஸ் எடுத்து, இரண்டால் பெருக்கினால் சுமார் 37 டிகிரி. இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவே அடிப்பவன் கண்ணுக்குத் தெரியும் வாசல் அவ்வளவு. நேராகவே பின்னால் போய் பாக்ஸ் கோட்டில், 16.5 மீட்டரில் நின்றால் 25 டிகிரி. இப்போது சின்ன பாக்ஸின் மூலைக்குப் போங்க. கோல் லைனிலிருந்து ஐந்தரை மீட்டர்தான். கேலரியிலிருந்து பார்க்கிறவனுக்கு "கோலுக்குள்ளேயே நிக்கறான், அடிக்க மாட்டேங்கறான்" என்று தோன்றும் இடம் அதுதான். கணக்குப் போட்டால் 22 டிகிரி! அதாவது 16.5 மீட்டரில் நேராக நிற்பவனுக்கு இருப்பதைவிட வாசல் சின்னது. பெரிய பாக்ஸின் மூலையிலிருந்து பார்த்தால் வெறும் 10 டிகிரி.

இது கோலி இல்லாத கணக்கு. கோலி இரண்டடி முன்னால் வந்தால் ஓரத்தில் நிற்பவனுக்குக் கதவு மூடியது மாதிரிதான். நம்ம ஒன்பதாம் நம்பர் 'கோட்டைவிட்ட' வாய்ப்புகளில் எனக்கு நினைவிருக்கும் ஐந்தில் நாலு அந்தச் சின்ன பாக்ஸ் மூலையில் வந்தவை. அந்தப் பந்தை அவனுக்கு அங்கே கொடுத்தது யார்? அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

மயிலாப்பூரில் பங்குனித் தேர் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாட வீதியில் நேராக வரும் வரைக்கும் வடம் பிடிக்கிறவர்களுக்கு உற்சாகம். மூலை திரும்பும்போதுதான் முட்டுக்கட்டை போடுகிறவருக்கு வேலை வரும், வேகம் போகும். விங்கில் ஓடி வரும் தாக்குதலும் அப்படியே. கோடு வரைக்கும் வேகம், அப்புறம் 90 டிகிரி திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்குள் எதிராளி ஏழு பேரும் வந்து நின்றுவிடுகிறார்கள்.

சரி, கணக்கெல்லாம் பேப்பரில் இருக்கட்டும், நிஜத்தில் நடந்ததைக் காட்டு என்பீர்கள். நம்ம ஊர்க் கதையே இருக்கிறது.

2019-20 ஐ.எஸ்.எல். சீசன். சென்னையின் எஃப்.சி. ஆடிய முதல் நாலு ஆட்டத்தைப் பாருங்க. கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, ஏ.டி.கே.விடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. மொத்தம் 360 நிமிஷம், ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு நேரு ஸ்டேடியத்தில். 90 நிமிஷம் முடிந்தும் 0-0. கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி முதல் கோலைப் போட்டார், ஹைதராபாத் உடனே சமன் செய்தது, கடைசியில் வால்ஸ்கிஸ் இன்னொன்று போட்டு 2-1. கோச் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார்.

பெரும்பாலும் அதே ஆட்கள்தான். லீக் முடிந்தபோது 18 ஆட்டத்தில் 32 கோல், நாலாவது இடம். அரையிறுதியில் அதே கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தள்ளிவிட்டு, 2020 மார்ச் 14 அன்று ஃபைனல் வரை போனார்கள். கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஃபைனலில் ஏ.டி.கே.விடம் 1-3 என்று தோற்றது வேறு கதை. முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோலும் போடாத லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ், மொத்தம் 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினார். நவம்பர் தொடக்கத்தில் கோல் அடிக்கத் தெரியாத கால் மார்ச்சுக்குள் கற்றுக்கொண்டதா?

ஹைலைட்ஸைப் பின்னாளில் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்குப் பட்டது இதுதான். காயில் வந்த பிறகு பந்து பாக்ஸுக்குப் போகும்போது அங்கே ஒருத்தர் இல்லை, மூணு நாலு பேர் ஓடி வருகிறார்கள். நடுவில் பிரேசில்காரர் க்ரிவெல்லாரோ, பக்கத்தில் சாங்டே, பின்னால் தாபா. டிஃபெண்டர் யாரைப் பிடிப்பது என்று யோசிக்கிற அந்த அரை நொடிதான் வால்ஸ்கிஸுக்குக் கிடைத்த கூடுதல் அரை நொடி.

ஆனால் ஆளே முக்கியமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்த சீசனில் காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். க்ரிவெல்லாரோ பாதியில் காயம்பட்டார். 2020-21 சீசனில் சென்னை ஆடியது 20 ஆட்டம், போட்டது 17 கோல், டிரா மட்டும் 11. பந்தை ஓரத்திலிருந்து வாசலுக்கு எதிரே கொண்டு வருகிறவனும் இல்லை, வந்த பந்தை யோசிக்காமல் அடிக்கிறவனும் இல்லை.

இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்று விமானப்படையில் கணக்கராக இருந்தவர் ஒருவர், 1950-லிருந்து நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக மைதானம் மைதானமாகப் போய் ஒவ்வொரு பாஸையும் எழுதினார். ஏறக்குறைய ஒன்பது, பத்து தடவை கோலை நோக்கி அடித்தால் ஒன்றுதான் உள்ளே போகிறது என்பது அவர் கண்டது. அதிலிருந்து 'பந்தை நீளமாகத் தூக்கிப் போடு' என்று அவர் எடுத்த முடிவை இன்றைக்குப் பலர் ஒத்துக்கொள்வதில்லை, எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான் நிற்கிறது. மூணு ஆட்டத்தில் ஐந்து தடவை அடித்தவனைத் தூற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. ஓரத்தில் கோல் லைன் வரை போனவன், கூட்டத்துக்குள் தூக்கிப் போடாமல், பெனால்டி புள்ளி பக்கமாகப் பின்னோக்கித் தரையோடு தள்ளிவிடுவது ஒன்று. இதில் இரட்டை லாபம். பின்னோக்கிக் கொடுத்த பாஸுக்கு ஆஃப்சைடு கிடையாது, இது ஒன்று. டிஃபெண்டர் எல்லாம் தன் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பான், நம்ம ஆள் 37 டிகிரி வாசலைப் பார்த்து ஓடி வருவான், இது இரண்டு.

கார்னரும் ஃப்ரீகிக்கும் இன்னொரு வழி. கூட்டம் எப்படியும் நிற்கப்போகிறது, அப்படியானால் நின்ற பந்தை ஒத்திகை பார்த்து அடிப்பது புத்திசாலித்தனம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த ஃபைனலில் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிஷமே கோல் போட்டு சென்னையைக் கலக்கினார். பதில் சொன்னது ஃபார்வர்டு இல்லை, டிஃபெண்டர் மெயில்சன் ஆல்வ்ஸ். இரண்டு கார்னர், இரண்டு தலைமுட்டு, இரண்டு கோல். மூணாவதை ரஃபேல் அகுஸ்டோ போட, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது.

நாட்டு அளவில் பார்த்தால் வயிறு எரிகிறது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடிய மூணு ஆட்டத்திலும் தோல்வி, போட்ட கோல் பூஜ்யம். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0. ஓய்வு பெற்றுப் போன சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டும் 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற முடியவில்லை. ஐ.எஸ்.எல்.லில் 2014 முதல் 2024-25 வரை பதினோரு சீசன். ஒன்றில்கூட கோல்டன் பூட் இந்தியருக்குப் போகவில்லை. அதில் மூணு சென்னைக்கு வந்தன: எலானோ, மென்டோசா, வால்ஸ்கிஸ். மூவரும் வெளிநாட்டுக்காரர்கள். நம்ம பையன்களை விங்கில் ஓடவிட்டு, பெனால்டி புள்ளி பக்கம் வெளிநாட்டு ஆளை நிறுத்தி வைத்தால், அந்த அரை நொடிப் படிப்பு நம்ம ஆளுக்கு எப்படி வரும்?

வராததற்கு நம்ம ஆடுகிற விதமும் காரணம். பீச் மணலில் பந்து உருளாது, அதனால் தரைப் பாஸ் பழக்கம் இல்லை. தெருவிலே இரண்டு செங்கல்தான் கோல், கோலி கிடையாது, எந்தக் கோணத்திலிருந்தும் தட்டிவிடலாம். நம்ம பிராக்டிஸிலும் கடைசிப் பத்து நிமிஷம் வரிசையில் நின்று, நின்ற பந்தைக் காலி கோலுக்கு அடிக்கிறோம். ஆட்டத்தில் அப்படி ஒரு பந்து எப்போதாவது வருமா?

பதிலுக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்று நம்ம கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன். பெனால்டி புள்ளியைச் சுற்றி ஏழு மீட்டர் சதுரம் போடணும். உள்ளே ஒரு ஃபார்வர்டு, ஒரு டிஃபெண்டர், கோலில் கோலி. ஓரத்திலிருந்து பந்து தரையோடு வரும், ஒரே டச்சில் அடிக்கணும், இரண்டாவது டச் எடுத்தால் செல்லாது. பந்து கிளம்பும் முன்னாடி கோலி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று ஃபார்வர்டு சத்தமாகச் சொல்லணும். அடித்தவன் டிஃபெண்டராகணும், டிஃபெண்டர் ஓரத்துக்குப் போகணும், இப்படி எல்லோரும் சுற்றி வரணும், பேக்கும் கோலியும்கூட. ஒன்பதாம் நம்பரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன், பார்ப்போம். சதுரம் போடக் கோன் வாங்கப் பணம் இல்லை என்று கேப்டன் இழுத்தார். கோன் எதுக்கு? ஒர்க்‌ஷாப் பின்னாடி உடைந்த செங்கல் நிறையக் கிடக்கு, நாலு போதும்.