பாலும் அளவும்

நம் தேசத்தில் பால் வெறும் ஆகாரமன்று. அதற்கு ஓர் அரசியல் சரித்திரமும் உண்டு. 1946-இல் குஜராத்தின் கைரா ஜில்லாக் குடியானவர்கள், கறந்த பாலுக்கு நியாயமான விலை கிட்டாமையால் பால் ஊற்ற மறுத்து, சர்தார் படேல் காட்டிய வழியில் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அம்முயற்சியின் வழிவந்ததே. உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் தேசம் இன்று நம்முடையதே. இதில் நாம் பெருமை கொள்வது முறை. ஆனால், பால் நல்லது என்பதிலிருந்து, எவ்வளவு குடித்தாலும் நல்லது என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் பலர். இந்தத் தப்பெண்ணத்தால் விளையும் கேட்டை எடுத்துச் சொல்வது நமது கடமையாகும்.

மேனாட்டு வைத்தியர்களும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணினர். சிகாகோ நகரத்து வைத்தியர் பெர்ட்ராம் ஸிப்பி, வயிற்றுப் புண்ணுக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும் கலந்து கொடுத்து, இடையிடையே காரப் பொடிகளையும் உட்கொள்ளச் செய்யும் சிகிச்சையை 1915-இல் வெளியிட்டார். பல்லாண்டுகள் உலகெங்கும் அது கையாளப்பட்டது. பலன் என்ன? சில நோயாளிகளுக்கு ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, சிறுநீரகங்கள் பழுதுபட்டன. பால் சிகிச்சை பெற்றவர்களிடையே மாரடைப்பு மிகுதியாயிருந்ததென்று 1960-இல் வைத்தியர்கள் எடுத்துக் காட்டினர். புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமியே என்பதைப் பின்னர் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான மார்ஷலும் வாரனும் நிலைநாட்டி, 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். பாலேட்டைப் புகட்டியதெல்லாம் நோயின் மூலத்தைத் தொடவேயில்லை.

எலும்பு உறுதிக்காக மூன்று நான்கு தம்ளர் பால் குடிப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவீடன் தேசத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்திரீ புருஷர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2014-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு மூன்று தம்ளருக்கு மேல் பால் பருகிய பெண்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. மரண விகிதமோ அதிகமாயிருந்தது. தயிர் முதலிய புளித்த பால் வகைகளில் இக்கேடு காணப்படவில்லை. இத்தகைய ஆராய்ச்சி காரணத்தை ஐயமற நிரூபிப்பதன்று என்பது உண்மையே. ஆயினும், அதிகம் குடித்தால் அதிகம் வலிமை என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் இல்லை.

வயது வந்தவர்களில் பலருக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் சீரணிக்கும் சக்தி குறைந்து விடுகிறது. வடநாட்டாரைவிடத் தென்னாட்டாரிடையே இது மிகுதி. வயிற்றுப் பொருமலும் பேதியும் இதனால் வருவதுண்டு. உறை ஊற்றிய தயிரில் அச்சர்க்கரையின் ஒரு பகுதி கழிந்து விடுவதால், மோரும் தயிரும் நமக்கு ஏற்றவையாயிருப்பதில் வியப்பில்லை. நெய்யின் கொழுப்பிலோ பாதிக்கு மேல் ரத்தக் கொழுப்பை ஏற்றும் வகையைச் சேர்ந்தது. எருமைப் பாலையும் நெய்யையும் பால் இனிப்புகளையும் நாள்தோறும் தாராளமாக உண்போர் தங்கள் இருதயத்தை மறந்து விடலாகாது.

நிற்க, இவை யாவற்றினும் நம்மை வருத்துவது குழந்தைகள் விஷயமே. பசும்பாலில் இரும்புச் சத்து மிகச் சொற்பம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மற்ற ஆகாரத்தின் இரும்பையும் உடலில் சேரவொட்டாது தடுக்கிறது. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குப் பசும்பால் புகட்டினால் குடலிலிருந்து சிறுகச் சிறுக ரத்தம் கசியவும் கூடும். ஒரு வயதுக்குப் பின்னரும், சோறுண்ண மறுக்கும் குழந்தைக்குப் புட்டி புட்டியாகப் பாலைக் கொடுத்துத் தாய்மார்கள் திருப்தியடைகின்றனர். வயிறு நிறைகிறது, கீரைக்கும் பருப்புக்கும் இடமில்லை, கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையின் முகம் வெளுக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் ரத்த சோகையுற்றவர்கள். இதற்கெல்லாம் பாலே காரணம் என்று நாம் கூறவில்லை. வறுமையும் குடற்புழுவும் பிற குறைகளும் உண்டு. ஆனால் செலவில்லாமல் விலக்கக்கூடிய ஒரு காரணத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? சிசுவுக்குத் தாய்ப்பால், ஆறு மாதத்துக்குப் பின் அதனோடு குழைத்த அன்னமும் பருப்பும் கீரையும், ஒரு வயதுக்கு மேல் பால் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் என்பதைத் தாய்மாருக்கு எடுத்துரைப்பது ஊர்தோறும் செய்யத் தக்க தொண்டு.

பாலை வெறுக்கச் சொல்வது நம் நோக்கமன்று. காந்தியடிகள் 1912-இல் பாலைத் துறந்தவர். பின்னர் கடும் நோயில் ஆட்டுப் பாலை ஏற்று உடல் தேறினார். பால் அமிர்தமுமன்று, நஞ்சுமன்று. அளவறிந்து கொள்ள வேண்டிய ஆகாரம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குப் பாலோ தயிரோ 300 மில்லி என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஒரு வீட்டில் நெய் மிதக்க, அடுத்த வீட்டுக் குழந்தை ஒரு வாய் மோருமின்றி உறங்கும் தேசத்தில், அளவோடு உண்பது தேக நலத்துக்கு மட்டுமின்றித் தர்மத்துக்கும் உகந்ததாகும். மிகுந்தவன் குறைத்துக் கொண்டு, இல்லாதவனுக்கு எட்டச் செய்வானாயின், கைரா குடியானவர் தொடங்கிய வேலை அன்றே நிறைவெய்தும்.