கணிப்பொறிப் பெட்டிக்கு ஒரு சாளரம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

கணிப்பொறி ஒரு சிறந்த கணக்கப்பிள்ளை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது ஓர் அடுப்பும்கூட என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அது 200 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது என வைத்துக்கொள்வோம். மாவரைக்கும் இயந்திரம் போல அது எதையும் அரைப்பதில்லை. நீரேற்றும் மோட்டாரைப் போல எதையும் மேலே தூக்குவதுமில்லை. ஆற்றல் அழிவதில்லை என்று அறிவியல் வகுப்பில் படித்தோமே, அப்படியானால் அந்த 200 வாட்டும் எங்கே போகிறது? ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறிவிடுகிறது.

இது இன்று நேற்றுத் தோன்றிய தொல்லையன்று. 1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’ என்னும் கணிப்பொறியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே பெரிய ஊதுவிசிறிகளைத் தனியாக ஓட்ட வேண்டியிருந்தது.

நாம் மேசைக்கு அடியில் வைத்திருக்கும் பெட்டியை எல்லோரும் ‘சி.பி.யூ.’ என்கிறோம். உண்மையில் சி.பி.யூ. என்பது அதனுள் தீப்பெட்டி அளவுகூட இல்லாமல் அமர்ந்திருக்கும் செயலிதான். வெளியே இருப்பது வெறும் தகரப் பெட்டி. கடைக்காரர் மொழியில் ‘கேபினெட்’. செயலியின் வெப்பம் தெர்மல் பேஸ்ட் என்னும் பசையின் வழியாக, மேலேயுள்ள ஹீட் சிங்க் என்ற உலோக மடிப்புகளுக்குச் செல்கிறது. இது வெப்பக் கடத்தல். அங்கிருக்கும் சிறு விசிறி அந்த வெப்பத்தைக் காற்றில் கலக்கிறது. இது வெப்பச் சலனம். பெரும்பாலோர் இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். ஆனால் சூடான அந்தக் காற்று இன்னும் பெட்டிக்குள்தானே இருக்கிறது! அது வெளியேறாவிட்டால் அதே காற்றுத்தான் மீண்டும் மீண்டும் செயலியின் மேல் வீசும். கதவைச் சாத்திய சமையலறையில் மின்விசிறி போட்டது போலத்தான்.

எவ்வளவு காற்று வெளியேற வேண்டும்? இதை நாமே கணக்கிடலாம். ஒரு லிட்டர் காற்றை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 1.2 ஜூல் வெப்பம் போதும். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரி மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டுமானால், 200-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும். நொடிக்குச் சுமார் 17 லிட்டர் வரும். அதாவது நொடிக்கொரு குடம் காற்று! இதில் மூன்றில் ஒரு பங்குதான் போக முடிகிறது என்றால், வெப்ப உயர்வு 10 அன்று, 30 டிகிரி. அறை 36 டிகிரியாக இருந்தால் பெட்டியை விட்டு வெளியேறும் காற்று 66 டிகிரியாகிவிடும்.

இப்பொழுது விலை குறைந்த ஒரு கேபினெட்டின் முகப்பைப் பாருங்கள். பளபளவென்ற பிளாஸ்டிக், அடியில் விரல்கூட நுழையாத ஒரு கீறல். அந்த பிளாஸ்டிக்கைக் கழற்றினால் உள்ளே தகட்டில் சல்லடை போலச் சிறுசிறு துளைகள். துளைகளைவிட அவற்றுக்கு இடைப்பட்ட தகடே அதிகம். வாசலை இப்படி அடைத்துவிட்டுப் பின்னால் எத்தனை விசிறி வைத்து என்ன பயன்? நம் பழைய வீடுகளில் முன்வாசலையும் பின்வாசலையும் நேர்க்கோட்டில் வைத்துக் கட்டினார்கள். காற்று வருவதற்கு ஒரு வழியும் போவதற்கு ஒரு வழியும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டி தயாரிப்போருக்கென 2003-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அறை 35 டிகிரியாக இருக்கும்பொழுது செயலியை வந்தடையும் காற்று 38 டிகிரியைத் தாண்டலாகாது என்பது அதன் கருத்து. அதற்காகப் பக்கத் தகட்டில் செயலிக்கு நேராக ஒரு காற்றுக்குழாய் வைக்கவும் அது வழி காட்டியது. நல்ல யோசனைதான். ஆனால் அக்கினி நட்சத்திரத்தின்போது எங்கள் திருச்சிக்கு வந்து பார்த்திருந்தால், அறையே 38 டிகிரியாக இருப்பதைக் கண்டிருப்பார்கள்!

பெட்டியைத் தாமே வெட்டித் திருத்தும் பழக்கம் 1990-களின் இறுதியில் மேல்நாடுகளில் பரவியது. 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவான செயலியை, அதற்குரிய 300 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 450-இல் ஓட்டலாம் என்று ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். வேகம் ஏறினால் வெப்பமும் ஏறுமல்லவா? எனவே பெட்டியின் மேற்கூரையில் வட்டமாகத் துளையிட்டு விசிறி வைத்தார்கள். பிற்காலத்தில் தொழிற்சாலைகளே அகன்ற விசிறிகளும் வலைமுகப்பும் கொண்ட பெட்டிகளைச் செய்யத் தொடங்கின. ஆனால் அவை எல்லோர் வீட்டுக்கும் வந்துவிடவில்லை.

எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் அப்பா திருமண அழைப்பிதழ்கள் வடிவமைத்துக் கொடுக்கிறார். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். வெயிலும் அந்த மாதங்களில்தான். பகல் இரண்டு மணியானால் கணிப்பொறி தானாகவே அணைந்துவிடும். பெரும்பாலான செயலிகள் 100 டிகிரியை நெருங்கியதும் முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ள முற்றிலும் நின்றுவிடும். அச்சகத்தார் காத்திருப்பார், பெண் வீட்டார் காத்திருப்பார்கள், முகூர்த்தம் காத்திருக்குமா? பழுதுபார்க்கும் கடை ஒன்றில் “புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார்கள். அந்த விலையை அப்பா வீட்டில் சொல்லவே இல்லை.

கிரில் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமாவும் நானும் அந்தப் பெட்டியைத் திருத்தினோம். வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. இதைத் தோழியர் அனைவரும் நினைவில் வைக்க வேண்டுகிறேன். கணிப்பொறிக்குக் கடினமான வேலை கொடுத்து, செயலியின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வெப்பநிலை நன்றாகக் குறைந்தால் குற்றம் பெட்டியினுடையது. குறையாவிட்டால் காய்ந்துபோன பசையோ, ஹீட் சிங்க்கில் படிந்த தூசியோதான் காரணம். பெட்டியில் எத்தனை துளை போட்டாலும் பயனில்லை. எங்களுடையது 93-இலிருந்து 78-க்கு இறங்கியது. (அப்படியே திறந்து வைத்துவிடலாமே என்று பாட்டி கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பல்லிகளுக்கும் அதே எண்ணம் இருந்ததால் அது சரிப்படவில்லை.)

துளையிடும் முன் மின்இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டு முதலான எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று மின்சுற்றில் விழுந்தாலும் மின்குறுக்கு ஏற்படும். எடுக்கும்போது அவ்வப்பொழுது பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டால் நம் உடலின் நிலைமின்சாரம் நீங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

விசிறியில் 80 மில்லிமீட்டரும் உண்டு, 120 மில்லிமீட்டரும் உண்டு. பெரியதன் பரப்பு சிறியதைப்போல 2.25 மடங்கு. ஆகவே மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தரும், இரைச்சலும் குறைவு. நாங்கள் 120-ஐயே எடுத்தோம். அதன் திருகுத் துளைகள் ஒன்றுக்கொன்று 105 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும். அட்டையில் வரைந்து, தகட்டில் ஒட்டி, முகப்பின் சல்லடைப் பகுதியை மாமா வட்டமாக வெட்டினார். கண்ணாடி அணிந்துதான் வெட்ட வேண்டும். விளிம்பை அரத்தால் ராவும் வேலை என்னுடையது. அரைமணி நேரம் ராவியும் விளிம்பு கூர்மையாகவே இருந்தது. மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயை நீளவாக்கில் கீறி அதைச் சுற்றிப் பொருத்தியதும் சரியாயிற்று. வெளிப்புறம் கம்பி வளைய வலை. பிளாஸ்டிக் முகப்பிலும் அதே இடத்தில் வழிவிட்டோம்.

விசிறியைத் திருப்பி மாட்டிவிடுவது எளிது. இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகவே காற்று வெளிவரும். ஐயமிருந்தால் ஊதுபத்தி ஏற்றிப் பிடித்துப் பாருங்கள்; புகை காட்டிக்கொடுக்கும். முன்விசிறி உள்ளே இழுக்க, பின்விசிறி வெளியே தள்ள வேண்டும். பின்விசிறிக்கு அருகிலேயே புதுத் துளை போடுவது வீண்வேலை. தலைமடையில் உடைப்பெடுத்த வாய்க்கால் போல, அங்கே நுழைந்த காற்று செயலியைத் தொடாமலே அப்படியே வெளியேறிவிடும்.

தகட்டை மூடி, அதே பகல் இரண்டு மணிக்கு, அதே வேலையைக் கொடுத்துப் பார்த்தோம். 76 டிகிரி. அந்த வைகாசி முழுவதும் அது ஒருமுறைகூட அணையவில்லை. மின்தேக்கிகளின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஆகையால் பெட்டிக்குள் குளிர்ந்தது செயலிக்கு மட்டும் நன்மையன்று.

எத்தனை விசிறி வைத்தாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. ஆதலால் பெட்டி நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். தச்சர் செய்து தரும் கணிப்பொறி மேசைகளில் பெட்டிக்கென மூன்று புறமும் அடைத்த ஒரு பொந்து இருக்கும். அதற்குள் வைத்தால் பின்னால் தள்ளிய வெப்பக் காற்றையே முன்னால் இழுக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளியே வையுங்கள். பூவேலை செய்த துணி உறையை, ஓடும்பொழுது தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

காற்று வந்தால் தூசியும் வரும். உள்ளிழுக்கும் விசிறிக்கு முன்னால் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒரே மடிப்பாகக் கட்டினோம். இரண்டு மடிப்பாக்கினால் காற்று குறைந்துவிடுகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, சோப்புநீரில் அலசி, நன்றாக உலர்ந்த பின்னரே திரும்ப மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை என் வேலை.