சேவியாமல் திரும்பியவர்

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இளைஞர்களிற் சிலர், அறைக்குத் திரும்பு முன்பாக, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருக்கும் உடையவர் ராமாநுஜரின் சந்நிதியில் வந்து நிற்பதுண்டு. காண்ட்ராக்ட் வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைக் காட்டிலும் பெரிய வேண்டுதல் அவ்வயதில் அவர்களுக்கு என்ன இருக்கப்போகிறது?

வேண்டுதல் பொய்த்துப்போவதும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 2006-இல் இங்கே கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கில் சொத்துக்கள் முடக்கப்பட்டதனால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய வியாபாரத்தில் சேராமல் தனித்து நின்று, 2014 நவம்பர் 1-ஆம் தேதி இயக்கத்தை நிறுத்திக்கொண்டபோது, அந்தச் சம்பளத்தை நம்பித் தம்பியின் படிப்பையும் தங்கையின் கலியாணத்தையும் தலைமேல் ஏற்றிருந்த எத்தனையோ குடும்பங்களின் கணக்கு தவறிப்போயிற்று. அவர்களிற் கோயிலுக்குப் போகாதவர்கள் மட்டுமா வேலை இழந்தார்கள்?

இக்கேள்வியைச் சுமந்துகொண்டு நிற்பவர்க்கு, 1017-ஆம் ஆண்டில் இதே ஊரில் அவதரித்தவர் என்று பக்தர்கள் கொண்டாடும் ராமாநுஜருடைய சரிதத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. காஞ்சியில் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் குடத்தில் தீர்த்தம் சுமந்து வரதராஜப் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்துகொண்டிருந்த அவர், ஆளவந்தாரை ஆசாரியராக அடையப் போகிறோம் என்ற பேராவலோடு, ஆளவந்தாரின் சீடரான பெரிய நம்பியுடன் திருவரங்கத்துக்கு நடந்து சென்றபோது, காவிரிக் கரையில் அவருக்குக் காணக் கிடைத்தது அம்மகானுடைய உயிர் நீங்கிய திருமேனியே. அத்திருமேனியில் மடங்கியிருந்த மூன்று விரல்களும், ராமாநுஜர் செய்த மூன்று பிரதிக்ஞைகளுக்கு அவை ஒவ்வொன்றாய் நிமிர்ந்ததும் யாவரும் அறிந்த கதை. அதையடுத்துக் குருபரம்பரை நூல்கள் சொல்லுகிற செய்தியைத்தான் நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை: ஒருநாள் சந்திப்பைக்கூட அருளாத அரங்கன்மீது மனம் நொந்து, அவனைச் சேவியாமலே அவர் காஞ்சிக்குத் திரும்பிவிட்டார்.

சரணாகதியின் ஆசாரியர் பெருமாளைக் கோபித்துக்கொண்டாரே என்று நாம் திகைக்க வேண்டுவதில்லை. நம்பாதவனிடத்தில் யாருக்கும் ஊடல் பிறப்பதில்லை. உரிமையுள்ள இடத்தில்தானே கோபம் வரும்! காஞ்சிக்கு வந்தவர் குடத்தைக் கீழே போட்டுவிடாமல் கைங்கரியத்தைத் தொடர்ந்தார் என்பதே இங்கு முக்கியம். பிற்பாடு மதுராந்தகத்தில் மகிழ மரத்தடியில் அவருக்கு வைஷ்ணவ தீட்சையான பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்தவர், அந்தப் பெரிய நம்பியே. அவர் கேட்டது ஒருவரை, கிடைத்தவர் வேறொருவர். பிற்காலத்தில் ஸ்ரீபாஷ்யத்தை இயற்றி அம்மூன்று பிரதிக்ஞைகளில் ஒன்றை அவர் நிறைவேற்றியபோதுங்கூட, ஆளவந்தாரோடு பேசக் கிடையாத அந்த ஒரு நாள் கிடையாததாகவே இருந்துவிட்டது.

சரணாகதியின் அங்கங்களில் ஒன்றாக வைஷ்ணவ ஆசாரியர்கள் மகாவிசுவாசத்தைச் சொல்லுகிறார்கள். அதன் வாசகத்தைச் சற்று நின்று கவனித்தால், 'காப்பான்' என்ற உறுதியே அங்கு உண்டு. 'கேட்டதைக் கொடுப்பான்' என்ற ஒப்பந்தம் அதில் எங்கும் இல்லை. நாமோ அர்ச்சனைச் சீட்டை ரசீதாக எண்ணிக்கொண்டு, சரக்கு வராதபோது கடைக்காரனை வைவதுபோல் தெய்வத்தை வைகிறோம்.

இதனால், முதலாளி கொடுக்க வேண்டியதையும் கேளாமல் இருந்துவிட வேண்டும் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அத்தகைய நியாயங்களை மனிதரிடத்தில்தான் கேட்டுத் தீர வேண்டும். பகவானை நம்புவது கம்பெனியை நம்புவதாகாது.

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள உடையவரின் அர்ச்சையைத் 'தானுகந்த திருமேனி' என்பார்கள். உடையவர் தாமே கண்டு உகந்தது என்பது ஐதிகம். வேலை போன வருத்தத்தில் இந்தச் சந்நிதி வாசல்வரை வந்து, உள்ளே போக மனம் ஒப்பாமல், அடையாள அட்டையை விரலால் நெருடிக்கொண்டே திரும்பிவிடுகிற ஒரு பிள்ளையை அத்திருமேனி அந்நியனாக எண்ணுமோ? அந்த வழியில் அவனுக்கு முன்னே நடந்தவர் அவர்தாமே!